அப்பா கையெழுத்துப் போட்டால் பிள்ளையின் வழக்கு போய்விடுமா?

தாராவியிலோ சாக்கிநாக்காவிலோ ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். பவர் பிரஸ்ஸில் நின்ற 17 வயதுப் பையனுக்கு வலது கட்டைவிரல் போய்விட்டது. முதலாளி ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினார். அப்பாவின் கையில் 50,000 ரூபாயைக் கொடுத்து, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "பணம் வாங்கியாச்சு, இனி கேஸ் நிக்காது."

அது சரியல்ல. ஆனால் முழுக்கத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. நம்மவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான்.

1923ஆம் வருடத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் 3(5) பிரிவு வழக்கை அடைப்பது இரண்டு சந்தர்ப்பங்களில். ஒன்று, நஷ்டஈட்டுக் கமிஷனரிடம் மனுப் போட்டிருந்தால். மற்றொன்று, அந்தச் சட்டத்தின்படி நஷ்டஈடு தருவதாக முதலாளியோடு ஒப்பந்தம் ஆகியிருந்தால். மைனருக்கென்று அந்தப் பிரிவில் தனி விலக்கு கிடையாது. ஆகவே தகப்பனார் கார்டியனாக இருந்து கமிஷனரிடம் மனுப் போட்டுவிட்டால், பிறகு முதலாளி மேல் சிவில் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போடுவது நடக்காது. எதிர்ப்பக்கமும் அப்படியே: முதலில் சிவில் வழக்குப் போட்டால் கமிஷனர் வாசல் மூடிவிடும்.

ஆனால் கையில் திணித்த 50,000? அதே சட்டத்தின் 8ஆம் பிரிவைப் பாருங்கள். மைனருக்கான மொத்தத் தொகையைக் கமிஷனரிடம்தான் கட்ட வேண்டும். நேரே கொடுத்தது நஷ்டஈடு கொடுத்ததாகவே கணக்கில் வராது. 28ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றோ, ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கியது என்றோ தெரிந்தால் கமிஷனர் பதிவை மறுக்கலாம். சட்டப்படியான உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய காகிதத்தை 17ஆம் பிரிவே செல்லாததாக்கிவிடுகிறது. முத்திரைத்தாள் எத்தனை ரூபாய்த்தாளாக இருந்தால் என்ன!

இந்தச் சட்டம் இப்போது 2020ஆம் வருடச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ஏழாம் அத்தியாயமாகச் சேர்ந்துவிட்டது; 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. கமிஷனர் என்ற பெயர் தகுதிவாய்ந்த அதிகாரி என்று மாறியது. மைனர் தொகையை அதிகாரியிடம் கட்ட வேண்டும் என்ற விதி போகவில்லை.

அப்படியானால் எந்த வழி நல்லது? நம் பையனுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 8,000. அதில் 60 சதவீதம் 4,800. 17 வயதுக்குரிய பெருக்கல் எண் 227.49. கட்டைவிரல் இழப்பு 30 சதவீதம். பெருக்கினால் சுமார் 3,27,600 ரூபாய் வருகிறது. 50,000 எங்கே, இது எங்கே! இதற்கு முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதும் இல்லை. சிவில் வழக்கில் வலி, வேதனை, எதிர்காலம் எல்லாம் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், கோர்ட் கட்டணம் உண்டு, வருடங்களும் ஓடும். இயந்திரத்தில் பாதுகாப்பு மறைப்பு இல்லை என்பதற்குச் சாட்சி வலுவாக இருந்தாலொழிய, முதல் வழியே மேல் என்பது என் அபிப்பிராயம்.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ள இடத்தில் கதையே வேறு. 1948ஆம் வருட இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவை வைத்து, முதலாளி மேல் தனி நஷ்டஈட்டு வழக்கு நிற்காது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வேலையின்போது லாரி, டெம்போ விபத்து என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு வரும்: இரண்டில் ஒன்றுதான். இதிலும் 2013இல் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல விளக்கம் தந்தது. இறந்த தொழிலாளியின் முதலாளி தானாகவே கமிஷனரிடம் கட்டிய பணத்தைக் குடும்பத்தார் வாங்கிக்கொண்டார்கள். அவர்களாக மனுப் போடவில்லை. ஆகவே அவர்கள் அந்த வழியைத் தேர்ந்தெடுத்ததாகாது, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றது கோர்ட். வாங்கிய தொகை கழிக்கப்பட்டது.

சிவில் வழக்கு நடக்கும்போது சமரசம் பேச வந்தால், சிவில் நடைமுறைச் சட்டம் 32ஆம் ஆணை, 7ஆம் விதியின்படி கோர்ட்டின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கார்டியன் செய்த சமரசத்தை மைனர் தள்ளிவிடலாம். காலக்கெடு விஷயத்திலும் மைனருக்குச் சலுகை உண்டு, ஆனால் 18 நிரம்பிய பிறகு மூன்று வருடத்துக்கு மேல் அது நீளாது. அதுவரை ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளச் சீட்டு, வயதுச் சான்று, போலீஸில் கொடுத்த புகாரின் நகல் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். ஊருக்குப் போகும்போது அந்தப் பையை இங்கே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.