பையன் கேட்பது பாட்டு... காது கேட்பது ஓய்வு!

"கூப்பிட்டா திரும்பியே பார்க்கிறதில்லை டாக்டர். அவ்வளவு திமிரு!" - இது அப்பா.

"திமிரெல்லாம் இல்லீங்க. நாம சொல்றது ஒண்ணு, அவன் எடுத்துட்டு வர்றது ஒண்ணா இருக்கு. எனக்கென்னமோ காதுலதான் சந்தேகம்..." - இது அம்மா.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்கறி மண்டி நடத்தும் குடும்பம். பையனுக்கு வயது 19. காலேஜ் போகும் நேரம் போக, விடியற்காலையில் மண்டிக்கு வந்து கணக்கு எழுதுகிறான். காதில் எப்போதும் இயர்போன். அதில் எப்போதும் ஒரே குழுவின் பாட்டு: 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. போனைப் பிடுங்கி வைத்துப் பார்த்தார் அப்பா. பலன், இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

முதலில் இந்தப் பைத்தியத்தைப் பற்றிப் பார்ப்போம். சினிமாவைச் சாராமல், தாங்களே பாட்டெழுதி, மெட்டுப் போட்டு மேடையேறும் குழுக்களை 'இண்டி பேண்ட்' என்கிறார்கள். அப்படி ஒன்றுதான் இது. 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கினார்கள். கானா, ராப், ராக் மூன்றும் கலந்து, கிட்டாரும் டிரம்ஸும் பறையோடு சேர்ந்து ஒலிக்கும். பாட்டெல்லாம் சாதியைக் கேள்வி கேட்கும் பாட்டு. பாட்டு என்றாலே சினிமாதான் என்றிருக்கும் நம் ஊரில், 'இது என்னோட குழு, நானே கண்டுபிடிச்சது' என்ற பெருமிதம் 19 வயதுக்கு லேசான விஷயமா?

திருச்சிக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை! இந்த ஊரில் வளர்ந்த எம்.கே.தியாகராஜ பாகவதருக்காக அந்தக் காலத்து இளைஞர்கள் தோள்வரை முடி வளர்த்து 'பாகவதர் கிராப்' வைத்துக்கொண்டார்கள். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. ஒரே படத்தை ஏன் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்று அவர்களைப் பெற்றவர்களும் தலையில் அடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

ஏன் என்பதற்கு மூளையில் காரணம் இருக்கிறது. மெய்சிலிர்க்க வைக்கும் இசையைக் கேட்பவர்களின் மூளையை, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கேன் செய்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல சாப்பாட்டின்போது சுரக்கும் அதே டோபமின் அப்போதும் சுரந்தது. வேடிக்கை என்னவென்றால், பிடித்த இடம் வருவதற்குச் சில விநாடிகள் முன்பே, 'இதோ வரப் போகுது' என்ற எதிர்பார்ப்பிலேயே அது சுரக்க ஆரம்பித்துவிட்டது. தெரிந்த பாட்டுக்குத்தானே எதிர்பார்ப்பு? அதனால்தான் அதே பாட்டு நூறாவது தடவை. டீன் ஏஜில் இந்த ருசி ரொம்பவே அதிகம். ஆக, ரசிகனாக இருப்பது நோயில்லை. மருந்தும் வேண்டாம், திட்டும் வேண்டாம்.

ஆனால் அம்மாவின் சந்தேகம்? அது சரியாகவே இருந்தது.

காந்தி மார்க்கெட்டில் விடியற்காலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? லாரி ஹாரன், மூட்டை இறக்கும் சத்தம், ஏலக் குரல்... இந்த இரைச்சலுக்கு நடுவில் பாட்டு கேட்க வேண்டுமென்றால் அதைவிடச் சத்தமாக வைத்தாக வேண்டும். வீட்டில் பாதி வால்யூமில் கேட்கிற அதே பையன் இங்கே முழுசாகத் திருகிவிடுகிறான். முழு வால்யூமில் பல போன்கள் 100 டெசிபலையே எட்டிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 என்றால் வாரம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 20 நிமிடம்! பையன் தினமும் இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் உண்டு. மிதிபட்ட புல் மாதிரி, ஒருநாள் சத்தத்துக்குப் படுத்து மறுநாள் எழுந்துவிடும். தினமும் மிதித்தால்? செத்த செல் செத்ததுதான், மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. முதலில் அடிபடுவது கீச்சு ஒலிகளைக் கேட்கும் செல்கள். பேச்சு காதில் விழும். ஆனால் க, ச, த போன்ற எழுத்துகள் நழுவிப் போகும். அப்பா 'கத்தரி' என்று கத்தியது இவனுக்கு 'பத்தரை' என்று விழுந்திருக்கிறது. மணி சொல்கிறார் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டான். இதைத்தான் திமிர் என்றார்கள்!

ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் அருகே சின்னப் பள்ளம் தெரிந்தது. ராத்திரியில் காதில் 'ங்ங்...' என்று ரீங்காரம் கேட்பதையும் அப்போதுதான் சொன்னான். வீட்டில் யாரும் கேட்கவில்லையாம்.

டாக்டர் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. மண்டியில் இயர்போன் கூடாது. வீட்டில் வால்யூம் 60 சதவிகிதத்துக்குள். கச்சேரிக்குப் போனால் ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நின்று, காதில் ஃபோம் இயர்பிளக் வைத்துக்கொள்ள வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். பாட்டு கேட்கும், அடி குறையும். வெறும் பஞ்சு உதவாது. கச்சேரிக்குப் பிறகு ரீங்காரம் இரண்டு நாளில் அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரு காது மந்தமானால் அன்றே ஓடுங்கள். நாள் தள்ளினால் சிகிச்சைக்குப் பலன் குறையும்.

மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனை. ரீங்காரம் அடங்கியிருந்தது. பள்ளம் கொஞ்சம் தேறியிருந்தது, முழுசாக இல்லை. கிளம்பும்போது அப்பா தயங்கித் தயங்கி, "இருபத்தஞ்சு வருஷமா லாரிச் சத்தத்துலதான் நிக்கிறேன் டாக்டர்... எனக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்களேன்" என்றார்.

"வாங்கப்பா" என்று பையன்தான் உள்ளே அழைத்துப் போனான்.