எட்டு மணிக்கு முன், ஏழு மணிக்குப் பின்

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் சுவர் பெயருக்குத்தான் சுவர். பக்கத்து அறையில் போன் அடித்தால் நம் தலைமாட்டில் அடிப்பதுபோல் கேட்கும். நான் தங்கியிருந்த மாடியில் ஒரு தம்பிக்குப் பல் விளக்கும் முன்பே போன் வரும். எடுக்க மாட்டான். அடித்து ஓய்ந்து, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வரும். அதை மட்டும் எடுப்பான். ஊரிலிருந்து அப்பா. "எனக்கும் பேசிட்டாங்கடா..." என்று அவர் தொடங்குவது வராந்தா வரை கேட்கும்.

இன்ஜினியரிங் முடித்து, தி. நகரில் ஒரு கம்பெனியில் பதினைந்தாயிரம் ரூபாய் சம்பளத்தில் இருந்தவன். கல்விக் கடனில் மூன்று தவணை நின்றுபோயிருந்தது. ஒருநாள் ராத்திரி மொட்டை மாடியில் துணி எடுக்க வந்தவன் என்னிடம் கேட்டான்: "அண்ணே, போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவாங்களா?"

மாட்டார்கள். கட்ட முடியாத கடனுக்குச் சிறை கிடையாது. கொச்சி வங்கி தொடர்பான ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. கையில் பணம் இருந்தும் ஏமாற்றுகிறவன் வேறு, இல்லாதவன் வேறு. இல்லாமையைக் குற்றமாக்கி ஒருவரை அடைப்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்கு எதிரானது என்றார். ஒரு பிள்ளையின் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய இந்தச் செய்தியைக் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

பயத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கடன் எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலத்திலும் முடித்த பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் லட்சத்துக்கு 50,000 ரூபாய், அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. வாங்கியது 4 லட்சம்; முதல் தவணை வரும் நாளில் கணக்கில் நிற்பது 5 லட்சத்து 40 ஆயிரம். பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 7,140 ரூபாய். பதினைந்து ஆண்டு என்றால் சுமார் 5,800. பதினைந்தாயிரம் சம்பளத்தில் மேன்ஷன் வாடகையும் மெஸ் சாப்பாடும் போக மிச்சம் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தவணை நிற்பது பெரும்பாலும் ஒழுக்கக் கேட்டால் அல்ல, இந்தக் கணக்கால்தான்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்கு அந்தத் தவணையில்லாக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. வருமானச் சான்றிதழை உரிய நேரத்தில் வங்கியில் கொடுத்திருக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இன்றைக்கே கிளையில் கேட்டுவிடுங்கள்.

தவணை தவறி 90 நாள் ஆனால் அந்தக் கடன் வாராக் கடன் பட்டியலுக்குப் போகிறது. போன்களின் குரல் மாறுவது அங்கேதான். அதுவரை பேசியவர் வங்கி ஊழியர். இனிப் பேசுகிறவர் வசூல் முகவர். சில வங்கிகள் இன்னொரு படி போகும். வாராக் கடன்களை மொத்தமாகச் சேர்த்து, இருக்கும் தொகையைவிடக் குறைந்த விலைக்குச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடும். வாங்கிய நிறுவனம் எவ்வளவு வசூலிக்கிறதோ அவ்வளவு அதற்கு ஆதாயம்.

2016 ஜூலையில் மதுரையில் ஓர் இளம் பொறியியல் பட்டதாரி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் கல்விக் கடன் வாங்கியது பாரத ஸ்டேட் வங்கியில். வங்கி அந்தக் கடனை ரிலையன்ஸ் பெயர் கொண்ட மறுசீரமைப்பு நிறுவனத்திடம் விட்டிருந்தது. வசூலுக்கு வந்தவர்கள் கொடுத்த நெருக்கடியைத்தான் குடும்பத்தினர் குற்றம் சாட்டினார்கள். தமிழ்நாடு முழுக்க அன்று கொதித்தது. ஒரு சாவுக்கு ஒரே காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் கடன் பணத்தோடு நிற்காமல் வீட்டு வாசலுக்கு வந்து மானத்தைப் பிடித்து இழுக்கும்போது என்ன ஆகும் என்பதை மதுரை நமக்குக் காட்டியது. வட்டியைவிட இந்த அவமானத்தைத்தான் நான் அஞ்சுகிறேன்.

அந்த இழுப்புக்குத்தான் ரிசர்வ் வங்கி கோடு போட்டிருக்கிறது. 2022 ஆகஸ்ட் 12 அன்று வந்த சுற்றறிக்கை: காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, திட்டக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தார், நண்பர்கள் ஆகியோரின் வாழ்க்கைக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது. பெயர் சொல்லாமல் பேசுவதும் கூடாது. கடனை விலைக்கு வாங்கிய நிறுவனத்துக்கும் இதே கோடுதான். கல்விக் கடனில் பெற்றோர் கூட்டுக் கடன்தாரர் என்பதால் அப்பாவிடம் பேச வங்கிக்கு உரிமை உண்டு. விடிவதற்குள் பேசவோ, சித்தப்பாவிடமும் ஆபீஸ் மேனேஜரிடமும் சொல்லவோ உரிமை இல்லை.

மீறினால், தேதி, நேரம், நம்பர், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். வழி கேட்க 14448.

வங்கி சட்டப்படி செய்யக்கூடியவையும் உண்டு. சிபில் மதிப்பெண் இறங்கும். நாளை வண்டிக் கடனோ வீட்டுக் கடனோ கேட்டால் இது குறுக்கே நிற்கும். சிவில் வழக்குப் போடலாம். மக்கள் நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். அந்த அழைப்பு வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். பேசி முடிக்க நல்ல இடம் அது. தேர்தலுக்குத் தேர்தல் தள்ளுபடி என்ற பேச்சு எழுகிறது. அதை நம்பி, கட்டிக்கொண்டிருந்த தவணையையும் நிறுத்தியவர்களுக்கு வட்டிதான் ஏறியது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே, வேலை இல்லாத காலத்துக்கும் போதாத சம்பளத்தில் இருக்கும் காலத்துக்கும் தவணையைத் தள்ளிவைக்க இடம் உண்டு. கடன் காலத்தில் இரண்டு மூன்று முறைகூட வங்கி இதைப் பரிசீலிக்கலாம். 15 ஆண்டுவரை நீட்டிக்கவும் கேட்கலாம். தானாக நடக்காது, நாம் எழுதிக் கேட்க வேண்டும். ஒருமுறைத் தீர்வாக ஒரு குறைந்த தொகையைக் கட்டி முடிக்கச் சொன்னால், முழுதாக அடைத்ததாக அல்ல, சமரசமாக முடித்ததாகவே சிபிலில் பதிவாகும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தவணை கட்டுவதற்காகப் போன் செயலிகளில் கடன் வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மனசின் கணக்கு தனி. போனை எடுக்காமல் இருப்பது, மெஸ்ஸுக்குப் போவதை விடுவது, ஊருக்குப் போகாமல் சாக்குச் சொல்வது, "நான் இல்லாட்டி இவங்களாவது நிம்மதியா இருப்பாங்க" என்ற மாதிரி ஒரு பேச்சு. அறைத் தோழனிடம் இவற்றைக் கண்டால் நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பலர் காத்திருக்கிறார்கள். கேட்ட பிறகு தனியே விடாதீர்கள். 14416 டெலிமானஸ் மனநல உதவி எண், 104 அரசு உதவி எண், இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050. சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. திருவல்லிக்கேணியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான்.

இதே திருவல்லிக்கேணியில்தான் 1904இல் நகரக் கூட்டுறவுச் சங்கம், நம் டி.யு.சி.எஸ்., பிறந்தது. தனியாகக் கடைக்காரரிடம் கைகட்டி நிற்காமல் சேர்ந்து நிற்கலாம் என்று கண்ட பேட்டை இது.

அந்தத் தம்பிக்கு நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து, தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தோம். இரண்டு பிரதி, கூடவே சம்பளச் சீட்டு. அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் அவனோடு வங்கிக்குப் போனேன். அதிகாரி படித்துவிட்டு முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இரண்டாவது பிரதியில் முத்திரை குத்தி, தேதி போட்டுக் கொடுத்தார். படியிறங்கியதும் அவன் அப்பாவுக்குப் போன் போட்டான்.

"அப்பா, இனிமே அவங்க கூப்பிட்டா என் நம்பரைக் குடுங்க. நான் பேசிக்கிறேன்."