பேஸ் கிற்றாரின் புவித்தொடுப்பு

மின்சாரப் பேஸ் கிற்றாரின் தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் தணியுமாயின் அதன் உள்ளிணைப்புச் செவ்விதே. மாறாக மிகுமாயின், வெளியீட்டு ஜாக்கின் இரு கம்பிகளும் இடம் மாறியிருத்தல் கூடும்.

1951இல் அமெரிக்காவில் லியோ பெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸை எடுத்துக்கொள்வோம். அதன் ஜாக், பழைய தொலைபேசி இணைப்புப் பலகைகளிலிருந்து வந்த கால் அங்குல வகையினது. செருகியின் நுனியைத் தொடும் வளைதகடு காந்தச் சுருளின் சைகைக்குரியது. உடலைத் தொடும் வளையம் புவிப்பக்கத்துக்குரியது. ஒலியளவுக் கட்டுப்பாட்டின் நடுமுனைக் கம்பியை முன்னதற்கும், அதன் உலோக முதுகிலிருந்து வருங் கம்பியைப் பின்னதற்கும் பற்றாசு வைத்தல் வேண்டும். ஜாக்கின் சுரை தளர்ந்து சுழல்வதாலேயே இக்கம்பிகள் பெரும்பாலும் அறுகின்றன.

அம்முதுகிலிருந்து இன்னொரு கம்பி, தந்திகளைத் தாங்கும் உலோகப் பாலத்தின் அடியிற் சென்று மறையும். நம் உடல், சூழவுள்ள மின்கம்பிகளின் முரல்வைப் பற்றும் இயல்பினது; இலங்கையில் அது செக்கனுக்கு 50 சுற்று. தந்தியைத் தொட்ட விரல் அதனைப் புவிப்பக்கத்துக்கு வழிப்படுத்துகின்றது.

ஆயின் இப்பக்கம், வடத்தின் வழியே ஒலிபெருக்கியை அடைந்து, சுவர்ச்செருகியின் மூன்றாம் முனையாலேயே நிலத்தைச் சேரும். அம்முனையின் தொடுப்பைக் கழற்றிவிடுவோரும் உளர், அறியாமையன்றி வேறென்ன? அப்போதும் விரல் பட்டால் இரைச்சல் தணியவே செய்யும். ஆனால் ஒலிபெருக்கியுட் பழுது நேரின் 230 வோல்ற்றும் தந்திக்கே வரலாம். தந்தி செவ்வையாயினும் மறுகை தொடும் ஒலிவாங்கி பழுதாயிருப்பின் முடிவு அதுவே: 1972இல் வேல்சிலுள்ள சுவான்சி நகரில், தந்தியிற் கைவைத்தபடி புவித்தொடுப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்ட கிற்றார்க் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே மின்தாக்குண்டு இறந்தார்.