மீன் பறக்கும் கடை

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 1907-ல் தொடங்கிய பைக் பிளேஸ் சந்தைக்குள் ஒரு மீன் கடை. வாடிக்கையாளர் ஒரு சால்மனைக் கைகாட்டியதும், ஐஸ் மேட்டுக்கு முன்னால் நிற்கும் ஊழியர் அந்த ஆர்டரை உரக்கக் கூவுகிறார். கடையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். அடுத்த நொடி முழு மீனும் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கிறது. கல்லாப் பக்கம் நிற்பவர் காகிதத்தை விரித்து லாகவமாகப் பிடித்துத் தராசில் போடுகிறார். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள்.

நாள் முழுக்க நின்றுகொண்டு, ஐஸிலும் ஈரத்திலும் கவிச்சியிலும் கை விறைக்கச் செய்கிற வேலை இது. மீனை வீசுவதுகூட வேடிக்கைக்காகத் தொடங்கியதில்லை. ஒவ்வொரு மீனுக்கும் கடையைச் சுற்றித் தராசு வரை நடக்க வேண்டியிருந்தது. அந்த நடையை மிச்சப்படுத்தக் கண்ட வழி அது.

தான் வேலை பார்த்த இந்தக் கடையை ஜான் யோகோயாமா 1965-ல் விலைக்கு வாங்கினார். ஆரம்ப காலத்தில் தான் கடுகடுத்த முதலாளியாக இருந்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1986-ல், மொத்த வியாபாரத்தில் இறங்கியதால் வந்த நஷ்டத்தால் கடையே கைவிட்டுப் போகும் நிலை. ஜிம் பெர்க்விஸ்ட் என்ற ஆலோசகரின் துணையோடு எல்லோரும் உட்கார்ந்து பேசியபோது, இளம் ஊழியர் ஒருவர் சொன்ன யோசனைதான் ‘உலகப் புகழ் பெறுவோம்’ என்பது. விளம்பரத்துக்குக் கையில் காசில்லை. இருந்தும் அந்த வார்த்தைகளைக் கடைப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். வருகிறவர் மீன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவரைச் சந்தோஷமாக அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள். முதலாளி தவறு செய்தால் ஊழியர் எடுத்துச் சொல்லலாம் என்றும் ஆனது. என்னைக் கேட்டால், மீன் பறந்ததைவிட இதுதான் பெரிய மாற்றம்.

1997-ல் அந்தப் பக்கம் வந்த படத்தயாரிப்பாளர் ஜான் கிறிஸ்டென்சன் இந்தக் காட்சியில் மெய்மறந்து போனார். 1998-ல் ‘ஃபிஷ்!’ என்ற பயிற்சிப் படமும், 2000-ல் அதே பெயரில் புத்தகமும் வந்தன. விளையாட்டாக வேலை செய், எதிரில் இருப்பவரின் நாளை இனிமையாக்கு, மனதை இங்கேயே வை, எந்த மனநிலையில் வேலைக்கு வருவது என்பதை நீயே தீர்மானி: இந்த நாலும் உலகமெங்கும் பயிற்சி வகுப்புகளில் புகுந்தன.

பல நிறுவனங்கள் விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டன. வெள்ளிக்கிழமை போட்டி, ஒரே நிற உடை, கேக். வராதவர்மேல் முகச்சுளிப்பு. பிரான்சில் இதுபோன்ற கட்டாயக் குதூகலம் நீதிமன்றம் வரைக்கும் போனது. ஒரு நிறுவனத்தின் ‘குதூகலக் கலாசார’த்தில் கலந்துகொள்ளவில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி ஊழியர் ஒருவரை 2015-ல் வேலையைவிட்டு நீக்கினார்கள். கலந்துகொள்ளாமல் இருப்பது அவருடைய கருத்துச் சுதந்திரம் என்று 2022 நவம்பரில் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு. உத்தரவு போட்டுச் சிரிக்கவைக்க யாராலும் முடியாது.

சேர்ந்து கொண்டாட நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். ஆயுத பூஜை அன்று லேத் பட்டறையில் இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முதலாளியும் எடுபிடிப் பையனும் ஒன்றாகப் பொரி கடலை சாப்பிடுகிறார்கள். மற்ற நாட்களில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்கக் கால்கடுக்க நின்றே புடவை விரித்துக் காட்டிய பெண்களுக்காக, தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

யோகோயாமா 2018-ல் ஓய்வு பெற்றபோது கடையைத் தன்னிடம் வேலை பார்த்த நான்கு பேருக்கே விற்றார். தங்கள் அலுவலகத்தில் உற்சாகம் இல்லையே என்று வருந்தும் மேலாளர்கள், விளையாட்டுச் சாமான் வாங்கக் கிளம்புமுன் ஊழியர்களோடு உட்கார்ந்து, இந்த இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்று கேட்கட்டும். பதில் சங்கடமாக இருந்தாலும் முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் சொன்னதை அந்த வாரமே செய்துகொடுக்கட்டும்.