வேலூரைச் சுற்றிக்கொண்டு போகும் தண்ணீர்

சத்துவாச்சாரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை குளிக்கக் கிளம்பும் கூட்டம் காங்கேயநல்லூர் பாலத்தின் பக்கம் திரும்புவதே இல்லை. பாலாறு அங்கேதான் இருக்கிறது. ஆனால் மழைக்காலம் போனால் மணலும் சீமைக்கருவேலமும்தான் மிச்சம். டேனரிக் கழிவு ஆற்றில் கலந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன கதை ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே வண்டிகள் கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகின்றன.

ஜவ்வாது மலையின் அடிவாரம் அது. 1967-ல் தொடங்கிய சிறு உயிரியல் பூங்காவில் மானையும் முதலையையும் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, காட்டுப் பாதையில் நடந்தால் அருவி. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடம் போவதுதான் நல்லது. கோடையில் போனால் ஏமாற்றம். பாறைகளுக்கிடையே தேங்கும் மடுக்கள்தான் இங்கே நீச்சல் குளம். தண்ணீரில் கால் வைத்ததும் உடம்பு சிலிர்க்கும்.

அந்த மடுக்களைப் பற்றித்தான் என் கவலையெல்லாம். காணும் பொங்கல் முடிந்த மறுநாள் போய்ப் பாருங்கள். பாறை இடுக்கில் ஷாம்பு பாக்கெட்டுகள் பாசியோடு ஒட்டிக்கிடக்கும். முழங்கால் ஆழத்தில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகப் பச்சைக் கண்ணாடிச் சில்லு கிடக்கும். கலங்கிய தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது, குழந்தையின் பாதம்தான் கண்டுபிடிக்கும்.

இந்தத் தண்ணீர் இங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. நாகநதியாக இறங்கி, கமண்டல நாகநதியாகச் செய்யாற்றில் சேர்ந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. வேலூருக்குள் நுழையாமல், தோல் பட்டறைகளின் பக்கமே போகாமல், சுற்றிக்கொண்டு போய்ப் பாலாற்றை அடைகிற தண்ணீர் இது. மலைமேல் சாமை விதைத்து வாழும் மலையாளி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் மலையிலிருந்து இறங்கும் நீர் அந்தக் காஞ்சிச் சீமைக்குத்தான் போகிறது. அதில் சோப்பு நுரையைக் கலக்க நமக்கு என்ன உரிமை?

கூட்டம் வந்தால்தான் பிழைப்பு என்கிறார்கள் வழியில் சுண்டலும் வறுத்த மீனும் விற்பவர்கள். நியாயம்தான். கூட்டம் வரட்டும், பாட்டில் வரவேண்டாம். நீலகிரியில் 2022 முதல் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தந்துவிடுகிறார்கள். அமிர்தி நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்திலேயே பையைப் பார்த்து, பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் அதே கணக்கை வைக்கலாம். சோப்பு, ஷாம்புவை அங்கேயே வாங்கி வைத்துவிடலாம். அடுத்த காணும் பொங்கலுக்குள் இதைச் செய்தாக வேண்டும்.