அறிவிப்பு இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அப்படிப்பட்ட ராத்திரியில் எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது, முகாம் எங்கே என்று கைப்பேசியில்தான் தேடுகிறோம். பார்வையற்றவரும் அதில்தான் தேடுவார். திரையில் உள்ளதைக் கைப்பேசியின் திரைவாசிப்பான் அவருக்கு வாசித்துக் காட்டும். ஆனால் அறிவிப்பை அச்சடித்து, முத்திரை குத்தி, ஸ்கேன் எடுத்துத் தளத்தில் போட்டிருந்தால்? "படம்" என்று சொல்லிவிட்டு அது மௌனமாகிவிடும்.

பழைய எழுத்துரு அதைவிடக் கொடுமை. பாமினி என்ற அத்தகைய எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் "ஜே, கே, பி, ஓ" என்று உளறும். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாறும்படி 2010இலேயே தமிழக அரசு ஆணையிட்டாயிற்று.

தளத்தின் அமைப்பும் நிலையாக இருக்க வேண்டும். பார்வையற்றவர் ஒரு தளத்தைக் கோயில் பிராகாரம் போல மனப்பாடம் செய்துகொண்டு நடக்கிறார். கோயில் தளம் ஒன்றில் தரிசனப் பதிவு, விடுதிப் பதிவு என்று பக்கத்துக்குப் பக்கம் பொத்தான் இடம் மாறினால் தூணில்தான் முட்டுவார். உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற இணைய அணுகல் நெறிமுறை இதைத் தனி விதியாகவே வைத்திருக்கிறது. மொழியிலும் குறை உண்டு. ஐ.நா. தன் ஆறு அலுவல் மொழிகளிலும் தளம் நடத்துகிறது. நம் ஊர்த் தளங்கள் பலவற்றில் ‘தமிழ்’ பொத்தானை அழுத்தினால் தலைப்பு மட்டும் தமிழாகிறது. இதை மொழிபெயர்ப்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

இதெல்லாம் சலுகை கேட்கும் விஷயமல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு, மின்னணுத் தகவல்கள் அனைவரும் அணுகும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. 46ஆம் பிரிவு தனியார் சேவைகளையும் விடவில்லை. வங்கிக் கணக்குக்கான ஆன்லைன் சரிபார்ப்பில் "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்றால் பார்வையற்றவரும் அமில வீச்சில் கண் சிதைந்தவரும் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்வியோடு வந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

தளம் கைவிட்டால் தேதி, பக்க முகவரி, எந்த இடத்தில் தடைபட்டது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு முதலில் அந்த அலுவலகத்துக்கே எழுதுங்கள். பதில் இல்லையா, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு 80ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்யலாம். ரயில்வே போன்ற மத்திய அரசுத் துறை என்றால் டெல்லியிலுள்ள முதன்மை ஆணையருக்கு. விசாரணையில் இவர்களுக்குச் சிவில் நீதிமன்றம் போல ஆளை வரவழைக்கும் அதிகாரம் உண்டு. மாநில ஆணையர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம்; மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

மனுவுக்கு வக்கீல் தேவையில்லை. மாநில ஆணையருக்குத் தமிழிலேயே எழுதலாம்.