வீட்டுக் கணினி – 17: கீபோர்டைத் தூக்கிப் போடுமுன்

ஹார்டு டிஸ்க் பற்றிப் போன வாரம் எழுதினால், வந்த கடிதங்களில் பாதி கீபோர்டைப் பற்றி! ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "லேப்டாப்பில் கே அடித்தால் 2 விழுகிறது, எல் அடித்தால் 3. பையன் வைரஸ் என்கிறான். கடைக்காரர் கீபோர்டையே மாத்தணும் என்கிறார்."

அம்மா, இரண்டும் இல்லை. எண்களுக்கென்று தனிக் கட்டம் இல்லாத சிறிய லேப்டாப்கள் சிலவற்றில், எழுத்து விசைகளுக்குள்ளேயே எண்களை ஒளித்து வைத்திருப்பார்கள். ஜே, கே, எல் மூன்றும் 1, 2, 3. அதற்கு மேல் வரிசையில் யூ, ஐ, ஓ மூன்றும் 4, 5, 6. எம் என்பது பூஜ்யம். உற்றுப் பாருங்கள், விசையின் ஓரத்தில் வேறு நிறத்தில் அந்த எண் பொடியாக அச்சாகியிருக்கும். நம்லாக் எப்படியோ விழுந்துவிட்டது, அவ்வளவுதான். எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு நம்லாக்கை ஒரு தட்டு தட்டினால் கே மறுபடி கே ஆகிவிடும். செலவு இல்லை.

இந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டியது, அவர் கோளாறைச் சொன்ன விதம். எந்த விசையை அடித்தால் எது விழுகிறது என்று எழுதியிருக்கிறார். அதனால்தான் இங்கே உட்கார்ந்தபடியே பதில் சொல்ல முடிந்தது. "கீபோர்டு வேலை செய்யலை" என்று மட்டும் வந்திருந்தால் நானும் கடைக்குப் போகச் சொல்லியிருப்பேன். ஒரு விசை மட்டுமா, ஒரு கூட்டமா, மொத்தமுமா, ஒரே ஒரு புரோகிராமில் மட்டுமா? ஸ்க்ரூ டிரைவரைத் தேடுமுன் இதைத் தீர்மானித்துக்கொண்டால் பாதிக் கோளாறு தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

மொத்த கீபோர்டும் மரத்துப்போய், ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் மட்டும் மெதுவாக எழுத்து விழுகிறது என்றால், விண்டோஸில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபில்டர் கீஸ். கை நடுக்கம் உள்ளவர்களுக்காகச் செய்த நல்ல ஏற்பாடு இது. தவறுதலாகப் பட்ட தட்டல்களை ஒதுக்கிவிட்டு, நின்று அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். சிக்கல், அதை இயக்கும் குறுக்கு வழியில் இருக்கிறது. வலது பக்க ஷிப்ட்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் போதும், 'இயக்கட்டுமா' என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். போன் பேசிக்கொண்டே கையை அதன்மேல் ஊன்றியிருப்போம். பெட்டியைப் படிக்காமலே என்டர் தட்டியிருப்போம். ஷிப்ட்டை வரிசையாக 5 முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸ் இதற்குத் தம்பி. இரண்டையும் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் அணைக்கலாம். குறுக்கு வழியை மட்டும் தனியாக அணைக்கவும் அங்கேயே இடம் உண்டு. குழந்தைகள் கேம் ஆடும் கணினியில் அதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஷிப்ட்டோடு 2 அடித்தால் @ வராமல் மேற்கோள் குறி வருகிறதா? கீபோர்டில் குறையில்லை. கணினி அதை பிரிட்டிஷ் கீபோர்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் விற்பது பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. பாஸ்வேர்டில் @ வைத்திருப்பவர்கள் "சரியாத்தானே அடிக்கிறேன்" என்று தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த மொழிக்கு, அடுத்த அமைப்புக்கு மாறும். தமிழ் 99, அஞ்சல், ஆங்கிலம் என்று மூன்றை வைத்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியாமல் கை பட்டு அடிக்கடி மாறவும் செய்யும். எக்ஸெலில் அம்புக்குறியைத் தட்டினால் கட்டம் நகராமல் தாள் முழுவதும் நகர்வது ஸ்க்ரால் லாக். வேர்டில் சில சமயம் புது எழுத்து பழைய எழுத்தை விழுங்குவது இன்சர்ட்.

இனி நிஜமான பழுது. சாதாரண கீபோர்டைப் பிரித்தால் உள்ளே எக்ஸ்ரே ஃபிலிம் போல மூன்று பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் போட்டிருப்பார்கள். நடுத்தாள் விசைக்கு ஒரு ஓட்டை வைத்த வெறும் தடுப்பு. விசையை அழுத்தினால் அந்த ஓட்டை வழியே மேல் கோடு கீழ்க் கோட்டைத் தொடும். நூற்றுச் சொச்சம் விசைக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், அவை சந்திக்கும் இடம்தான் விசை. அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஏழெட்டு விசைகள் ஒரே நாளில் படுத்துவிட்டால், அவை ஒரே கோட்டில் இருப்பவை என்று பொருள். அந்தக் கோடு எங்கோ அறுந்திருக்கிறது அல்லது ஈரம் பட்டு அரித்திருக்கிறது. மேலே எவ்வளவு துடைத்தாலும் பயன் இல்லை. ஒரே ஒரு விசை மட்டும் மக்கர் செய்தால் அநேகமாக அடியில் தூசியோ, முறுக்குத் துண்டோ, எறும்போ. கவிழ்த்துத் தட்டி, பெயின்ட் பிரஷால் கூட்டினாலே பாதி சரியாகும்.

எறும்புக்கு முன்கதை ஒன்று இருக்கும்: டீ. தண்ணீர் கொட்டினால் காய்ந்ததும் பிழைக்க வாய்ப்புண்டு. பாலும் சர்க்கரையும் காயக் காய ஒட்டும். தனிக் கீபோர்டு என்றால் உடனே வயரைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டு, பிறகு நிதானமாகப் பிரித்து, விசை மூடிகளைச் சோப்புத் தண்ணீரில் அலசலாம். தாள்களை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து நிழலில் முழுக்க உலர்த்திப் பூட்டலாம். கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த விசை எங்கே என்ற தகராறு வராது. லேப்டாப் விஷயத்தில் இந்த நிதானமெல்லாம் கூடாது. கீபோர்டுக்கு அடியில்தான் மதர்போர்டு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள், கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். "ஒருதரம் போட்டுப் பார்ப்போமே" என்ற ஆசைதான் போர்டைக் கொல்வது. அரிசி மூட்டையில் புதைப்பதும் ஹேர் டிரையர் பிடிப்பதும் வேண்டாம், நேராக சர்வீஸ்காரரிடம்.

மவுஸுக்கு வருவோம். எலி செத்துவிட்டதாகத் தீர்ப்பு எழுதுமுன் வேறு யுஎஸ்பி துளையில், முடிந்தால் வேறு கணினியில் செருகிப் பாருங்கள். பழைய மேஜைக் கணினியின் உருண்டைத் துளைகளில், ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. ஓடும்போது கழற்றி மாட்டினால் அவை விழித்துக்கொள்ளாது. கணினியை அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

மவுஸ் கோளாறுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஒரு தட்டு, இரண்டு கிளிக்'. ஃபைலைத் தேர்ந்தெடுக்கத் தட்டினால் திறந்துகொள்கிறது. இழுத்துப் போனால் பாதி வழியில் நழுவி வேறு ஃபோல்டருக்குள் விழுந்துவிடுகிறது. இடது பட்டனுக்கு அடியில் நகத்தளவு ஸ்விட்ச் ஒன்று, அதற்குள் மெல்லிய உலோக வில். 'டிக்' என்பது அந்த வில் மடங்கும் சத்தம். தேய்ந்த வில் தொட்டதும் நிற்காமல் துள்ளும். புது ஸ்விட்ச்சும் துள்ளத்தான் செய்யும். ஆனால் சில மில்லி விநாடிகளில் அடங்கிவிடுவதால் மவுஸின் சிப் அதைக் கண்டுகொள்ளாது. துள்ளல் அந்தக் கெடுவைத் தாண்டினால் இரண்டு கிளிக்காக எண்ணிவிடும். நிச்சயப்படுத்திக்கொள்ள, செட்டிங்ஸில் முதன்மைப் பட்டனை வலதாக மாற்றுங்கள். அதிகம் உழைக்காத வலது ஸ்விட்ச்சில் வியாதி இல்லையென்றால் இடது ஸ்விட்ச் போய்விட்டது உறுதி. புது மவுஸ் வரும்வரை அப்படியே ஓட்டவும் செய்யலாம். ஸ்விட்ச் விலை அற்பம். மூன்று கால்களைச் சால்டர் செய்யத் தெரிந்தவர் சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பார். மலிவு மவுஸுக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது.

வயர்லெஸ் மவுஸ் தடுமாறினால் எல்லோரும் பென்சில் பேட்டரியை மாற்றிப் பார்ப்பார்கள். சரிதான், ஆனால் அதோடு நின்றுவிடுவார்கள். பின்பக்கம் நீலத் துளையில் பென் டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ செருகி, அதற்கு ஒட்டினாற்போல் மவுஸின் குட்டி ரிசீவரும் இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். மவுஸ் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது கசியும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது என்பதை 2012-இல் இன்டெல் நிறுவனமே அறிக்கையாக வெளியிட்டது. காப்பி ஆகும்போது மட்டும் அம்பு திக்கினால் சந்தேகமே வேண்டாம். ரிசீவரை முன்பக்கக் கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள்.

கண்ணாடி மேஜையில் அம்பு ஓடாததற்கும் காரணம் மவுஸ் இல்லை. அதன் வயிற்றில் இருப்பது ஒரு கேமரா. 1999-இல் வந்த மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரரே விநாடிக்கு 1,500 படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு நகர்வைக் கணக்கிட்டது. மாசுமறுவற்ற கண்ணாடியில் ஒப்பிட என்ன இருக்கிறது? அடியில் ஒரு தினசரித் தாளைப் போடுங்கள். தாள் போட்டும் அம்பு நடுங்கினால் மவுஸைத் திருப்பிப் பாருங்கள், துளையில் ஒரு முடி இருக்கும்.

லேப்டாப் டச்பேடு தன்னிஷ்டத்துக்குக் குதித்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். குதிப்பது நின்றால் எர்த் சரியில்லை. விரல் பட்டதும் ஏற்படும் நுண்ணிய மின் மாற்றத்தை வைத்துத்தான் டச்பேடு வேலை செய்கிறது. எர்த் இல்லாத பிளக்கில் சார்ஜரின் இரைச்சல் அதைக் குழப்பிவிடும். மூன்று முள் பிளக்கை இரண்டு ஓட்டைக்குள் நுழைக்கும் கன்வெர்ட்டர் நம் வீடுகளில் சாதாரணம். உலோக உடம்பில் மணிக்கட்டு பட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அதே டச்பேடு சமீபமாகக் கிளிக் ஆக மறுத்து, ஒரு ஓரம் மேலே எழும்பியதுபோல் தெரிந்தால் விஷயம் வேறு. பல மாடல்களில் பேட்டரி அதற்கு நேர் அடியில் இருக்கிறது. அது உப்பி மேலே தள்ளுகிறது. மேஜையில் வைத்தால் லேப்டாப் லேசாக ஆடும், மூடினால் ஓரம் சேராது. அமுக்கிச் சமன் செய்யப் பார்க்காதீர்கள், குத்திக் காற்றை எடுக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். சார்ஜரைக் கழற்றி, அணைத்து, அப்படியே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். பஸ்ஸில் போவதானால் பையில் அதன்மேல் வேறு எதையும் அடுக்காதீர்கள்.

(அடுத்த வாரம்: பிரிண்டர்)